வால்வு சஷ்டி கையில்

ஏப்ரல் 26, சனி

இந்த டைரி ஒரு பைப் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் எங்கள் கடைக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: "இன்று முதல் தினமும் நடைப்பயிற்சி." அதற்கப்புறம் இன்று வரை வெள்ளைத்தாள். நடந்ததும் அவ்வளவுதான்.

மறுபடி பேனாவை எடுக்க வைத்தவள் என் மகள் சஷ்டிகா. மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். லீவில் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "நான் மட்டும் ஏன் எழுதணும், வீட்ல எல்லாரும் எழுதுங்க" என்று சட்டம் போட்டுவிட்டாள். என் மனைவி சுந்தரவல்லி, "நான் எழுத ஆரம்பிச்சா உங்கப்பா வீட்ல இருக்க முடியாது" என்று கழன்றுகொண்டாள். மாட்டியது நான். சோணைமுத்து, வயது நாற்பத்தொன்று, பத்தாம் வகுப்புப் பரீட்சை பிடித்துப்போய் இரண்டு தடவை எழுதியவன். மதுரையில் ஒரு பைப் கடையில் பதினெட்டு வருஷமாக எல்போவும் வால்வும் எடுத்துக் கொடுக்கிறவன்.

ஒளிவுமறைவு கூடாது, ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் படிக்கலாம் என்பதும் அவள் சட்டத்தில் ஒரு பிரிவு. என் கையெழுத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று சம்மதித்துவிட்டேன்.

கத்திரி வெயில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதற்குள் ஊர் தோசைக்கல்லாகிவிட்டது. இந்த வெயிலிலும் சஷ்டி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள மாட்டாள். கழுத்துக்குக் கீழேதான் குளியல். வாரம் ஒரு தடவை அவளை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, பியூட்டி பார்லரில் செய்கிற மாதிரி தலையைப் பின்னால் தொங்கவிட்டு, வல்லி ஈரத்துணியால் முடியைத் துடைத்தெடுப்பாள். அந்த முக்கால் மணி நேரமும் சஷ்டி வாய்விட்டு அழ மாட்டாள். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். நான் ஏதாவது வேலை இருக்கிற மாதிரி கீழே இறங்கிப் போய்விடுவேன்.

போன மே மாதம் தீம் பார்க் போயிருந்தோம். அங்கே அலை அடிக்கிற குளத்தில் என் கை வழுக்கி, பிள்ளை ஒரு முழுக்குப் போட்டுவிட்டது. இரண்டு மூன்று செகண்டுதான். அதிலிருந்து இப்படி.

கடைக்கு வருகிற ஒரு அபார்ட்மெண்ட் இன்ஜினியர் ஒரு புது வார்த்தை சொன்னார். ஸ்பிளாஷ் பேட். தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், மேலிருந்து கொட்டும், ஆனால் ஆழமே கிடையாது. கால் பாதம் நனைகிற அளவுக்குத்தான் நிற்குமாம். வல்லியிடம் சொன்னேன்.

"முட்டிக்கு மேல தண்ணி இருந்தா நான் பிள்ளையை அனுப்ப மாட்டேன்."

"முட்டி என்ன, கணுக்காலுக்கே வராது."

"பாப்போம்" என்றாள். போன ஒரு வருஷத்தில் தண்ணீர் விஷயமாக அவள் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தை இதுதான்.

ஜூன் இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் சஷ்டி சிரித்துக்கொண்டே தலையில் தண்ணீர் வாங்க வேண்டும். எழுதி வைத்துவிட்டேன். நடைப்பயிற்சி மாதிரி ஆகாமல் இருக்கணும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முதல் வேட்டை. கார்ப்பரேஷன் பூங்காவில் நீரூற்று இருக்கிறது என்று போனில் போட்டிருந்தது. படம்கூட இருந்தது. சஷ்டியை வண்டியில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போனேன். நீரூற்றுத் தொட்டி இருந்தது. நடுவில் நான்கு சிமெண்ட் கொக்குகள் வாயைப் பிளந்து நின்றன. அடியில் ஒரு செவலை நாய் நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேனிடம் கேட்டேன். "அண்ணே, எப்ப தண்ணி விடுவாங்க?"

"மினிஸ்டர் வந்தா விடுவாய்ங்க."

"மினிஸ்டர் எப்ப வருவாரு?"

"தண்ணி வந்தா வருவாரு" என்றார்.

சஷ்டி நாயைப் பார்த்துச் சிரித்தாள். தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் அவள் தோள் இறங்கி லேசானதை நான் கவனித்தேன். ஏமாற்றமில்லை அது. தப்பித்தோம் என்கிற நிம்மதி.

திரும்பும்போது ஒரு தண்ணீர் லாரி எங்களுக்கு முன்னால் ஒழுகிக்கொண்டே போனது. எங்கள் காலத்தில் அதுதான் ஸ்பிளாஷ் பேட். லாரி தெருமுனையில் திரும்பும்போதே பதினைந்து பேர் டவுசரோடு பின்னால் ஓடுவோம். குழாய் மூடி எப்போதும் சரியாக மூடாது. பின்பக்கம் இரண்டு ஆள் அகலத்துக்கு விசிறி மாதிரி தண்ணீர் அடிக்கும். ஓடிக்கொண்டே குளிக்கணும், நின்றால் போச்சு. ஒரு தடவை அந்த ஓட்டத்தில் சோப்பும் போட்டுக்கொண்டு ஓடினேன். லாரி சிக்னல் கிடைத்து வேகமெடுத்துப் போய்விட்டது. நுரையோடு நான்கு தெரு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

இதை சஷ்டியிடம் சொன்னேன். "கண்ணு எரியலையாப்பா?" என்று அதை மட்டும் கேட்டாள்.

வீட்டுப் படியில் ஹவுஸ் ஓனர் அமலதாஸ் சார் நின்றிருந்தார். ரிட்டயர்டு ஹெட்கிளார்க். "என்ன சோணை, முன்னெல்லாம் நீ தெருமுனைக்கு வந்தாலே விசில் சத்தம் கேக்கும். இப்ப பூனை மாதிரி ஏறிப் போற?"

"பல்லு ஆடுது சார்" என்றேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மீனாட்சி கோவிலில் கொடியேற்றம். வீட்டில் கரண்ட் இல்லை. எழுத வேறு ஒன்றும் இல்லை.

மே 1, வியாழன்

கடை லீவு. பைபாஸ் பக்கம் புதிதாக வந்த மாலின் மாடியில் நிஜமான ஸ்பிளாஷ் பேட் இருக்கிறது என்று இன்ஜினியர் சொன்னார். மூன்று பேரும் போனோம்.

வாசலிலேயே மடக்கினார்கள். பருத்தித் துணியோடு உள்ளே விட மாட்டார்களாம், நைலான்தான் போட வேண்டுமாம். வாடகைக்கு அவர்களே தருகிறார்கள். என் சைஸுக்கு இருந்தது ஒன்றே ஒன்று: ஆரஞ்சு நிறத்தில், முழுக்க டால்பின் படம் போட்ட அரை டிராயர். அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது என் மனைவி கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக என்னைத் தெரியாத மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

உள்ளே போனால் சொர்க்கம்தான். தரையிலிருந்து பூப்போல் தண்ணீர். காளான் குடையைச் சுற்றித் தண்ணீர்த் திரை. உச்சியில் ஒரு ராட்சத வாளி. நிறைந்து நிறைந்து சாயும்போது மணி அடிக்கும், பிள்ளைகள் எல்லாம் அலறிக்கொண்டு அதன் கீழே ஓடும்.

சஷ்டி ஈரத்தரையின் ஓரக்கோட்டில் நின்றுவிட்டாள். ஒரு கால் கட்டைவிரலை மட்டும் கோட்டுக்கு உள்ளே வைத்தாள். நான் கையை நீட்டினேன்.

"வா தாயி, நான் பிடிச்சுக்கிறேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. சட்டை இல்லாததால் டால்பின் டிராயரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "நீ போப்பா, நான் பாக்கிறேன்" என்றாள்.

சரி, அப்பன் போய்க் காட்டினால் பிள்ளை வருவாள் என்று நடுவில் போய் நின்றேன். எனக்கு மணி சத்தத்தின் அர்த்தம் பிடிபடுவதற்குள் வாளி சாய்ந்துவிட்டது. பிடரியில் ஒரு மூட்டை விழுந்த மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு வாண்டு, "அங்கிள், அது சின்னப்பசங்களுக்கு" என்றது.

சஷ்டி விழுந்து விழுந்து சிரித்தாள். வல்லியும்தான். ஆனால் கோட்டைத் தாண்டி வரவில்லை. ஒரு மணி நேரம் கட்டைவிரல் மட்டும் நனைந்தது.

அவளுக்கு மூன்று வயதில், எங்கள் மொட்டைமாடியில் நீல பிளாஸ்டிக் தொட்டியில் உட்காரவைத்தால் எழுந்திருக்க மாட்டாள். விரல் நுனியெல்லாம் உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கிவிடும். அதை என் கன்னத்தில் தேய்த்து, "பாட்டி விரல், பாட்டி விரல்" என்பாள். மாலில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் கட்டைவிரல் ஒன்று மட்டும் சுருங்கியிருந்தது.

மே 2, வெள்ளி

ஜலதோஷம். எனக்கு.

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி ஆரம்பம். நானும் ஒரு காரியம் ஆரம்பித்து முடித்தும்விட்டேன். முடிந்த விதம்தான் சரியில்லை.

யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாகப் பைப் விற்கிறவன் எதற்கு டால்பின் டிராயரை வாடகைக்கு எடுக்கணும்? கடையில் துண்டு துண்டாகக் கிடந்த முக்கால் இஞ்ச் பைப்புகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். மொட்டைமாடியில் வாசல் நிலை மாதிரி ஒரு சட்டம். மேல் பைப்பில் ட்ரில் போட்டு அறுபத்துநாலு ஓட்டை. மூலைக்கு ஒரு எல்போ, சொலூஷன் போட்டு ஒட்டினேன். டேங்கிலிருந்து ஒரு லைன் இறக்கி, இடுப்பு உயரத்தில் சிவப்புப் பிடி வைத்த ஒரு பால் வால்வு. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடித்தேன். நானே தள்ளி நின்று பார்த்து அசந்துபோனேன்.

திறப்பு விழா ஒன்றேகாலுக்கு. வல்லி துண்டோடு நிழலில் நின்றாள். சஷ்டி படிக்கதவுக்குப் பின்னால். "முதல்ல அப்பா நிக்கிறேன், பாரு" என்று சட்டத்துக்குக் கீழே போய் நின்று, கையை நீட்டி வால்வைத் திறந்தேன்.

மே மாதம், உச்சி வெயில், கறுப்பு டேங்க். பைப் கடைக்காரனுக்கு இது தெரியாதா என்று யாரும் கேட்க வேண்டாம். நானே கேட்டுவிட்டேன். அறுபத்துநாலு ஓட்டையிலிருந்தும் கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றின மாதிரி இருந்தது. தரையும் சுடுகிறது, தண்ணீரும் சுடுகிறது. நான் ஆடிய ஆட்டத்தை சஷ்டி நிஜ டான்ஸ் என்று நினைத்துக் கை தட்டினாள். அந்த ஆட்டத்தில் ஒரு உதை வாங்கி வால்வின் பிடி சிக்கிக்கொண்டது. மூட முடியவில்லை. பத்து நிமிஷத்தில் டேங்க் காலி.

கீழேயிருந்து அமலதாஸ் சார் குரல். "சோணை! இங்க எங்க வீட்டுக்காரி மூஞ்சியில சோப்போட நிக்கிறா! தண்ணி எங்கடா?"

மேலே வந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டத்தைப் பார்த்தார். "என்ன இது, குத்தாலமா?"

"பிள்ளைக்காக சார்."

"பிள்ளை காஞ்சுபோய் நிக்கிது. நீதான் வெந்து நிக்கிற."

கார்ப்பரேஷன் தண்ணீர் நாளைக் காலைதான் வரும். இரண்டு வீட்டுக்கும் நான்தான் தெரு அடிபம்பிலிருந்து பதினாறு குடம் சுமந்தேன். தோள் எரிகிறது. வெந்தது ஒருபக்கம், சுமந்தது ஒருபக்கம்.

சாயங்காலம் வல்லி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். அவள் பேசாமல் இருந்தாலே எனக்கு ஏதோ கேள்வி கேட்கிற மாதிரி இருக்கிறது.

மே 5, திங்கள்

எழுத உட்கார்ந்து பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஏப்ரல் 26-ஆம் தேதி பக்கத்தில், "என் கை வழுக்கி" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதற்குப் பக்கத்தில் பென்சிலில் குண்டு குண்டான எழுத்து. ரப்பர் வைத்து ஒரு தடவை அழித்து, மறுபடி எழுதியிருக்கிறது.

"வழுக்கல. நீ விசில் அடிச்ச."

மே 6, செவ்வாய்

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எழுதுகிறேன். பிள்ளை ஒற்றை வரியில் எழுதியதை நான் கொஞ்சம் நீளமாக எழுதணும்.

போன மே மாதம் அந்தக் குளத்தில் சைரன் ஊதினால் அலை வரும். பாட்டுப் போட்டார்கள். எல்லாரும் கையைத் தூக்கி ஆடினார்கள். சஷ்டி என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா விடாத, விடாத" என்று குதித்தாள். எனக்கு விசில் என்றால் இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையிலும் இரண்டு இரண்டு விரல். ஒரு கையால் அடிக்கிற வித்தை எனக்கு வராது. சைரன் ஊதியது, கூட்டம் கத்தியது, நான் அவள் கையை உதறிவிட்டு இரண்டு கையையும் வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். என் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பெருமையாக இருந்தது. மூச்சு தீர்ந்ததும், மறுபடி இழுத்து இன்னொன்றும் அடித்தேன்.

பச்சைச் சுடிதார் போட்ட ஒரு அம்மா என் பிள்ளையின் கக்கத்தில் கை கொடுத்து வெளியே தூக்கி, "யார் பிள்ளைங்க இது?" என்று கத்தினபோதுதான் கண்ணைத் திறந்தேன். இரண்டு செகண்டு இல்லை. இரண்டு விசில் நேரம்.

வல்லியிடம் கை வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அதையே சொல்லிச் சொல்லி எனக்கே வழுக்கின மாதிரி ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு விசில் அடிக்கவில்லை. பல் ஒன்றும் ஆடவில்லை.

இது ராத்திரி எழுதுவது. மதியம் எழுதியதை வீட்டுக்கு எடுத்துப்போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வல்லிக்கு முன்னால் வைத்தேன். படித்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இது எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"திரும்பி வர்றப்ப பஸ்ஸுலயே சொல்லிட்டா."

"ஒரு வருஷமா ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு வருஷமாகும்னு நினைக்கல." அப்புறம், "என்கிட்ட சொல்லி என்ன, சொல்ல வேண்டியவ உள்ள படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கா" என்றாள்.

மே 7, புதன்

சொன்னேன். நேற்றே சொல்லியிருக்கணும், ஒரு நாள் தள்ளிப்போட்டேன். தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா, அன்னைக்கு அப்பாதான் கையை விட்டேன். நீ விடலை. தண்ணி மேலயும் தப்பில்லை. எல்லாம் என் தப்பு" என்றேன்.

சஷ்டி யானைக்கு வயலட் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நான் விடாதன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"ரெண்டு தடவை சொன்னேன்."

"ஆமா. ரெண்டு தடவை."

யானையின் வால் வரை கலர் அடித்து முடித்தாள். அப்புறம் கேட்டாள்: "மாடியில அந்த பைப்பு இன்னும் இருக்கா?"

"இருக்கு. வால்வு மாத்தணும்."

"அந்த சிவப்புப் பிடியை நான்தான் திறப்பேன். நான்தான் மூடுவேன். நீ தொடக்கூடாது."

"தொட மாட்டேன்."

"நீ உள்ள நிக்கணும். நான் எப்ப திறப்பேன்னு சொல்ல மாட்டேன்."

இதற்குமேல் நியாயமான தீர்ப்பு எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

மே 8, வியாழன்

மீனாட்சி திருக்கல்யாணம். வல்லி புது தாலிக்கயிறு மாற்றினாள்.

காலை ஆறு மணிக்கு, டேங்க் குளிர்ந்திருக்கும்போது மாடிக்குப் போனோம். அமலதாஸ் சார் அனுமதி கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை: ஒழுகுகிற தண்ணீர் முழுதும் வாய்க்கால் கட்டி அவருடைய கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போகணும்.

நான் சட்டத்துக்குக் கீழே நின்றேன். சஷ்டி வால்வுக்குப் பக்கத்தில், பிடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். "தாயி, திறக்கப்போறியா இல்லையா?" என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் திறந்தாள். வாயெல்லாம் தண்ணீர், புரையேறிவிட்டது. உடனே மூடினாள். நான் மூச்சு வாங்கி நிமிர்ந்ததும் மறுபடி திறந்தாள்.

பதினோரு தடவை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மே 9, வெள்ளி

இருபத்து மூன்று தடவை. இடையில் ஒரு தடவை, நான் கண்ணை மூடியிருக்கிறேன் என்று நினைத்து, தன் இடது கையை நீட்டித் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாள். வலது கை பிடியை விடவில்லை. நான் கண்ணை மூடியே இருந்தேன்.

மே 10, சனி

முழங்கை வரை. ஒரு கால். அப்புறம் தோள். வால்வைப் பாதி மட்டும் திறந்தால் தண்ணீர் தூறல் மாதிரி விழும் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். அதைப் பதினெட்டு வருஷமாக ஆட்களுக்குச் சொல்லி விற்கிறேன், என் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

தலையை மட்டும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அமலதாஸ் சார் முருங்கை பூத்துவிட்டது என்கிறார். மூன்று நாளில் எப்படிப் பூக்கும்? சந்தோஷத்தில் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

மே 11, ஞாயிறு

நாளைக்கு அழகர் ஆற்றில் இறங்குகிறார். வைகைக்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்களாம். கடைப்பையன்கள் எல்லாம் அந்தப் பேச்சுதான்.

சஷ்டி, "உங்க காலத்துல தண்ணி லாரி மட்டும்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள். லாரியைவிடப் பெரிசு ஒன்று இருந்தது. சொன்னேன், எழுதியும் வைக்கிறேன்.

என் அய்யா கீழமாசி வீதியில் லோடுமேன். எனக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்ததற்காக, ஒன்பது வருஷம் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். தலையில் உருமா, இடுப்பில் சலங்கை, கருப்பசாமி வேஷம். கக்கத்தில் ஆட்டுத்தோலில் தைத்த துருத்திப் பை. அதன் வாயில் ஒரு பித்தளைக் குழாய். கையால் ஒரு அமுக்கு அமுக்கினால், ஊசி மாதிரி ஒரு தண்ணீர்க் கோடு நாலு ஆள் உயரத்துக்குக் கிளம்பி, உச்சியில் உடைந்து, பூவாகக் கீழே இறங்கும். அதில் பன்னீர் வாசனை இருக்கும். வெயிலில் வெந்துபோய் நிற்கிற சனம் "சாமி இங்க, சாமி இங்க" என்று கையை ஏந்தும்.

அத்தனை கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று அய்யாவுக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் ஏழு வயதில் விசில் பழகினேன். இரண்டு கை, நாலு விரல். நான் அடித்தால் அய்யா எங்கே இருந்தாலும் சத்தம் வந்த பக்கம் திரும்பி ஒரு அமுக்கு அமுக்குவார். என் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் எனக்குத் தெரியாது. தண்ணீர் மட்டும் கூட்டத்தின் தலைக்கு மேலே வளைந்து வந்து என்மேல் விழும். பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் என்னால் நனைவார்கள். ராஜா மாதிரி இருக்கும்.

விசில் எனக்கு அதற்காக வந்தது. அதைக் கொண்டுபோய் நான் எங்கே செலவழித்திருக்கிறேன் பாருங்கள்.

"நாளைக்கு நாமளும் போவோமா?" என்றாள் சஷ்டி.

வல்லி என்னைப் பார்த்தாள். "ஆத்துக்குள்ள வேணாம். அந்தக் கூட்டத்துல நானே தொலைஞ்சு போவேன். வண்டியூர் போற வழியில நம்ம தெருமுனைக்குத்தான் சாமி வருதே, அங்க நிப்போம்."

"அப்பா கையை நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள் சஷ்டி. ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மே 12, திங்கள்

மதியம் மூன்று மணிக்குத் தெருமுனையில் நின்றோம். தார்ரோடு செருப்பை இழுத்துப் பிடிக்கிறது. நீர்மோர்ப் பந்தலில் மூன்று டம்ளர் குடித்துவிட்டு நானும் ஒரு மோர்ப்பானை மாதிரி இருந்தேன். சஷ்டி என் இடது கையைப் பிடித்திருந்தாள். நான் பிடிக்கவில்லை, அவள்தான் பிடித்திருந்தாள். அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. அந்தப் பக்கம் வல்லி.

சாமிக்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் வந்தார்கள். சலங்கைச் சத்தம் முதலில், அப்புறம் உருமாவின் ஜரிகை. பத்துப் பதினைந்து பேர். சின்னப் பிள்ளைகள் "சாமி இங்க" என்று குதித்தன. அதில் ஒருவர், நரைமீசைக்காரர், பெரிய துருத்தியோடு ரோட்டின் எதிர்ப்பக்கமாகப் பீய்ச்சிக்கொண்டே போனார். நீர்க்கோடு ஏறி உடைந்து எதிர்வாடைக்காரர்கள் மேல் விழுந்தது. எங்கள் பக்கம் இரண்டு சொட்டு வந்தது. ஒன்று சஷ்டியின் மூக்கில்.

அவள் கை என் கையை நெரித்தது. நான் குனிந்து, "போயிருவோமா பாப்பா?" என்றேன்.

அவள் மூக்கைத் துடைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மீசைக்காரர் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"அப்பா, அவரு அந்தப் பக்கமே போறாரு."

"ஆமா."

"விசில் அடி."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்தது. இருந்தாலும் "என்ன?" என்றேன்.

"விசில் அடிப்பா. அடிச்சாத்தான் நாம இங்க இருக்கோம்னு தெரியும்."

"தாயி, எனக்கு விசிலுக்கு ரெண்டு கையும் வேணும்."

சஷ்டி ஒரு நிமிஷம் யோசித்தாள். மொட்டைமாடியில் பிடியில் கை வைத்துக்கொண்டு யோசிப்பாளே, அதே முகம். அப்புறம் என் கையை விட்டாள். விட்டுவிட்டு, என் சட்டையை இடுப்புப் பக்கம் கொத்தாக, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் உன்னைப் பிடிச்சுக்கிறேன். நீ அடி."

வல்லியைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள்.

அடித்தேன். கண்ணை மூடவில்லை. அந்த விசில் வைகைப் பாலம் வரை கேட்டிருக்கும். மீசைக்காரர் சட்டென்று நின்று, யார் என்றுகூடப் பார்க்காமல், சத்தம் வந்த பக்கம் பையைத் திருப்பி ஒரு அமுக்கு அமுக்கினார். கோடு மேலே கிளம்பியது. கூட்டத்தின் தலைக்கு மேலே வளைந்தது. வருகிறது என்று தெரிந்துதான் சஷ்டி நின்றாள். என் சட்டையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, ஆனால் முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நின்றாள்.

உச்சந்தலையில் விழுந்தது. நெற்றி, கண், வாய், பின்னல் எல்லாம் நனைந்து ஒழுகியது. அவள் வாயை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு நாக்கை நீட்டி, மேலுதட்டில் நின்ற தண்ணீரை நக்கிப் பார்த்தாள்.

"பன்னீர் இல்லப்பா. சும்மா தண்ணிதான்" என்றாள். சிரித்தாள்.

"இன்னொன்னு அடி."

மே 13, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன். நேற்றைய பக்கத்தில், "வைகைப் பாலம் வரை கேட்டிருக்கும்" என்ற இடத்துக்குக் கீழே பென்சில் எழுத்து. இந்தத் தடவை ரப்பர் போடவில்லை.

"பொய். முதல் தடவை காத்துதான் வந்துச்சு. ரெண்டாவது தடவைதான் விசில் வந்துச்சு. நான் விடாம பிடிச்சிருந்தேன்."

உண்மைதான். ஒரு வருஷம் பழக்கம் விட்டுப்போச்சு. இனி ஒரு நாளைக்கு நாலு தடவை மாடியில் அடித்துப் பழகணும். காலை ஆறு மணிக்கு, அவள் வால்வைத் திறக்கும்போது.